பரண்ல இருந்து பாத்தது

தஸ்நேவிஸ் வீட்டப் பத்தியா கேக்குதிய? உக்காருங்க தம்பி. சரியான ஆளுகிட்டதான் வந்து சேந்திருக்கிய.

இல்ல, கடைக்காரன் ஒண்ணும் சொல்லல. நானாத்தான் கண்டுபிடிச்சேன். டீய வாங்கி வச்சிக்கிட்டு, அது ஆறி ஏடு கட்டின பொறவும் குடிக்காம, இந்தத் தெருவுல மனுசங்க எப்படின்னு பொதுவா கேக்கிற ஆளு பொண்ணு விசாரிக்க வந்தவனாத்தான் இருக்கணும். வீடு வாங்க வந்தவன்னா தண்ணி வருதான்னு கேப்பான். மாப்பிள்ள உங்க தம்பியா? சரி. எந்த ஊரு, வேம்பாரா? நல்ல ஊரு. வேம்பாருக்காரவ அவசரப்பட மாட்டாவ. அதனால நானும் நிதானமாவே சொல்லுதேன்.

எம்பேரு பொலிக்கார்ப். பொலிக்கார்ப் மச்சாது. தூத்துக்குடித் தோணியில முப்பது வருசம் பாய் தைச்ச கை இது. இந்தா பாருங்க, இந்த வெரல்ல ஊசி ஏறாத எடம் கெடையாது. நான் யாரப் பத்தியும் கொறையாச் சொல்ல மாட்டேன் தம்பி. அது எனக்குப் பழக்கமில்ல. நடந்தத மட்டும் சொல்லுவேன். முடிவெடுக்கிறது உங்க பாடு. இதுக்கு முன்னால மூணு எடத்துல இருந்து அந்தப் புள்ளைய விசாரிக்க வந்தாவ. மணப்பாட்டுக்காரவ ஒண்ணு, ஆலந்தலைக்காரவ ஒண்ணு, மூணாவது யாரோ கப்பல் கம்பெனி மாப்பிள்ள. மூணு கூட்டமும் இதே பெஞ்சுலதான் உக்காந்தாவ. நடந்தத சொன்னேன். கேட்டுட்டு எந்திரிச்சி பஸ் ஏறிட்டாவ. நானா போவச் சொன்னேன்? டீக்காசு கூட நானே குடுத்தேன்.

பொண்ணு எமரென்சியா தங்கமான புள்ள. அத எந்தக் கோயில்ல வேணும்னாலும் நின்னு சொல்லுவேன். போஸ்டாபீசுல வேல. நான் போனா, எந்தக் கவுண்டருன்னு தெரியாம நிப்பேன்லா, அதுவே எந்திரிச்சி வந்து 'மாமா, இங்க வாங்க'ன்னு கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போவும். போர்டுல எழுத்த அவ்வளவு பொடுசா எழுதி வச்சிருக்கான், யாருக்குத் தெரியும்? முப்பது வயசு முடிஞ்சிட்டு அந்தப் புள்ளைக்கு. எனக்கும் வருத்தந்தான். ஆனா புள்ள வேற, தகப்பன் வேற இல்லையா? தகப்பன் எப்படின்னு தெரியாம எப்படிப் பொண்ணு எடுப்பிய?

என் கண்ணப் பத்தி யாரும் ஏதும் சொன்னா நம்பாதிய. இந்த வயசுலயும், அறுபத்தெட்டு நடக்கு, கண்ணாடி போடாம ஊசில நூலு கோப்பேன். முடிஞ்சா உங்க தம்பியக் கோக்கச் சொல்லுங்க.

சரி, நடந்ததுக்கு வாறேன். நாப்பத்திரெண்டு வருசத்துக்கு முந்தி. தோணிக்கு இன்ஜின் வராத காலம். பாய் கட்டி, காத்த நம்பி, இங்கேருந்து கொழும்புக்கு வெங்காயமும் வத்தலும் ஏத்திக்கிட்டுப் போவோம். எங்க தோணிக்கு அலங்கார மாதான்னு பேரு. ஆளு பன்னெண்டு. தோணிக்குத் தலைவரு தண்டல் செபமாலை கொரையா. சத்தம் போட்டாருன்னா கரையில நிக்கிற ஆடு திரும்பிப் பாக்கும்.

மத்த தோணியில எல்லாம் தூரத்துல என்ன இருக்குன்னு பாக்கணும்னா ஒருத்தன் பாய்மரத்துல ஏறி, கால வளைச்சிக் கட்டிக்கிட்டு பாப்பான், எறங்கிருவான். எங்க தண்டல் மட்டும் உச்சிக்குக் கொஞ்சம் கீழ ஒரு பலகைய வச்சி, கயித்தால இறுக்கிக் கட்டி வச்சிருந்தாரு. பரண்னு சொல்லுவோம். ஒரு பனை உயரம் இருக்கும். அதுல ஒரு ஆளு குத்த வச்சி உக்காந்து, பொழுதுக்கும் கடலப் பாத்துக்கிட்டே இருக்கணும். கீழ தோணி ஒரு சாண் ஆடினா மேல ஒரு ஆளு நீளத்துக்கு ஆடும். டீயக் கயித்துல கட்டி மேல அனுப்புவானுவ. மொத பாதி பாய்க்கு, மிச்சந்தான் நமக்கு.

அதுல உக்காரணும்னு எனக்கு ஒண்ணும் ஆசை இல்ல தம்பி. அக்னேசுக்காக ஏறினேன். அக்னேசு இப்ப என் வீட்டுக்காரி. அப்ப அவ கஸ்பார் மாமா மக. கஸ்பார் மாமா பழைய தண்டல், மீசைய ரெண்டு பக்கமும் முறுக்கி விட்டிருப்பாரு. எங்க வீட்டுல இருந்து பொண்ணு கேட்டுப் போனப்ப, மனுசன் ஒரே வார்த்தையில சொல்லிட்டாரு. ஒரு சீசன் முழுக்க, ஆடி முடிஞ்சி தோணி கடல்ல எறங்கினதுல இருந்து மறுபடி கரையில ஏத்துற வரைக்கும், பரண்ல உக்காந்து கொறை இல்லாம எறங்கினவனுக்குத்தான் பொண்ணு. பரண்ல உக்காராதவன் ஆம்பளையே இல்லங்கிறது அவரு கணக்கு. பாய் தைக்கிறவன அவரு தையக்காரன்னுதான் சொல்லுவாரு.

நான் தண்டல் கால்ல விழாத கொறையாக் கேட்டு பரண வாங்கினேன். தஸ்நேவிசும் அதே தோணியிலதான், எனக்கு ஒரு வயசு மூத்தவன். ஒரே தெரு. ஒண்ணா ஓடிப் புடிச்சி வளந்தவங்க. பரண் கேக்கப் போறேன்னதும் அவன் மூஞ்சி ஒரு மாதிரி ஆச்சி. 'பொலி, உனக்கு அது வேண்டாம்லே'ன்னான். பாத்தியளா, அப்பவே பொறாமை. நான் கேக்கல. மறுநாள் பாத்தா அவன் தண்டல்கிட்டப் போயி, அணியத்துல நிக்கிற வேலைய எனக்குக் குடுங்கன்னு வாங்கிட்டு வந்து நிக்கான். அணியம்னா தோணியோட மூக்கு. நான் மேல, அவன் நேர கீழ. என்ன வேவு பாக்கத்தானே? வேற எதுக்கு?

அவன்கிட்ட ஒரு கெட்ட பழக்கம் தம்பி. சும்மா நிக்க மாட்டான். ஒரு மூங்கில் கம்ப வச்சிக்கிட்டு தோணி விளிம்புல தட்டிக்கிட்டே இருப்பான். கொஞ்ச நேரம் சும்மா இருப்பான், திடீர்னு எடது பக்க விளிம்புல டொக் டொக்னு தட்டுவான். நான் சரியா அந்த நேரத்துலதான் எடது பக்கம் திரும்பியிருப்பேன். 'எடத்த கப்பல்'னு கத்துவேன். பாத்தா நெசமாவே கப்பல் வரும். வலது பக்கம் தட்டுவான், நானும் வலது பக்கம் திரும்புவேன். எனக்கு எரிச்சலா வரும். நான் பாடுபட்டுக் கண்டுபிடிக்கிற நேரத்துலதான் இவன் தட்டுவான். ஒரு நாள் எறங்கி வந்து கேட்டேன், ஏம்லே என் கவனத்தக் கலைக்கேன்னு. சிரிச்சான். கம்ப எடுத்துக்கிட்டு அணியத்துக்குப் போயிட்டான்.

இன்னொண்ணு கேளுங்க. எங்க தோணியில ஒரு வழக்கம் இருந்துச்சு. கொழும்புல இருந்து திரும்பும்போது, பனிமய மாதா கோயில் கோபுரத்த யாரு மொதல்ல பாக்கானோ அவன் 'மாதாவே'ன்னு கூப்பிடணும். ஒடனே எல்லாரும் தலைத்துண்ட அவுத்து, முட்டி போட்டு ஒரு செபம் சொல்லுவோம். கூப்பிட்டவனுக்கு தண்டல் ஒரு புதுத் துண்டு போடுவாரு. கோபுரத் துண்டுன்னு பேரு. அந்த சீசன்ல நான் வாங்கினது ஏழு. ஏழு தம்பி. அதுல அஞ்சு இன்னும் பொட்டியில இருக்கு. ரெண்ட அக்னேசு கரித்துணியாக்கிட்டா.

அதுலயும் தஸ்நேவிஸ் மூக்க நுழைக்காம இருக்க மாட்டான். தட்டுறதுக்குப் பதிலா, அப்ப மட்டும் மாதா பாட்டு ஒண்ண மொனங்க ஆரம்பிப்பான். அவன் பாட ஆரம்பிக்கவும் எனக்குக் கோபுரம் தெரியவும் சரியா இருக்கும். ஏழு தடவையும். நான் கண்ணச் சுருக்கிப் பாப்பேன், அங்கன ஒரு கரை மாதிரி, ஒரு மூட்டம் மாதிரி, அவ்வளவுதான். பாட்டு கேக்கவும் 'மாதாவே'ன்னு கூப்பிட்டிருவேன். அவன் பாட்டுக்கும் எனக்குக் கோபுரம் தெரிஞ்சதுக்கும் என்ன சம்பந்தம்? ஒரு சம்பந்தமும் இல்ல. ஆனா ஊருல சில பேரு அப்பவே ஒரு மாதிரி பேசினானுவ.

எட்டாவது நடையில என்ன ஆச்சின்னா, தஸ்நேவிசுக்குக் கடவாப் பல்லு வீங்கி, கன்னம் பன்னு மாதிரி ஆகி, அணியத்துக்கு வராம கீழ சுருண்டு கெடந்தான். எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. தட்டு இல்ல, பாட்டு இல்ல. நானும் கடலும் மட்டும். காலையில ஒரு ஒம்பது மணி இருக்கும், கரைப் பக்கம் நெட்டுக்குத்தலா ஒண்ணு நிக்கி. வெள்ளையா, ஒசரமா. என் வாழ்க்கையிலயே அவ்வளவு தெளிவா நான் கோபுரத்தப் பாத்ததில்ல. அவ்வளவு பெருசா தெரிஞ்சிது. 'மாதாவே'ன்னு கூப்பிட்டேன் பாருங்க, அந்தக் குரல் எனக்கே புதுசா இருந்துச்சு.

பதினோரு பேரும் துண்ட அவுத்துட்டு, நான் கை காட்டின தெசைக்கு முட்டி போட்டானுவ. தஸ்நேவிஸ் கூட வீங்கின கன்னத்தோட தவழ்ந்து மேல வந்துட்டான். தலையக் குனிஞ்சி செபம் சொல்லிக்கிட்டிருக்காவ. பாதி செபத்துல சமையக்காரன் சிலுவை தலையத் தூக்கினான். அவன் எப்பவும் செபத்துல பாதியிலயே தலையத் தூக்குற ஆளு. பாத்துட்டு, 'தண்டலே, கோயில்ல அடுப்பு பத்த வச்சிருக்காவ'ன்னான்.

கோபுரம் பொகை விடுது தம்பி. அனல் மின்நிலையத்துப் பொகைபோக்கி. புதுசாக் கட்டியிருந்தான். அதக் கோபுரம் ஒசரத்துக்குக் கட்டச் சொல்லி எவன் கேட்டான்? பதினோரு கத்தோலிக்க ஆம்பளைங்க ஒரு பொகைபோக்கிக்கு முட்டி போட்டிருக்கானுவ. தண்டல் எந்திரிச்சி, முட்டியத் தட்டிவிட்டுக்கிட்டு, மேல பாத்தாரு. துண்டு கெடைக்கல. அவரு பேசினத இங்கன சொல்ல முடியாது, பக்கத்து மேசையில பொம்பளைப் புள்ளைக இருக்கு.

கரைக்கு வந்தா, நாங்க வந்து சேருமுந்தியே கத வந்து சேந்திருக்கு. சந்தைக்குப் போனா மீன்காரி, 'பொலி, இன்னைக்கு மாதாவுக்கு என்ன கொழம்பு'ன்னு கேக்கா. கஸ்பார் மாமா ஆளு விட்டு அனுப்பினாரு. சீசன் முடிய இன்னும் ஒரே நடை இருக்கு, அதுல ஒரு பிசகு வந்தாலும் சம்பந்தம் கெடையாது, மக வேற எடத்துக்குன்னு. தண்டலும் அதையேதான் சொன்னாரு. ஒரு பிசகு, பரண்ல இருந்து எறக்கிருவேன்னு. கோயில்ல கல்யாண ஓலை எழுதி முடிச்சி, தோணிய கரையில ஏத்தின பதினாலாம் நாளு கல்யாணம்னு பேசி வச்சிருந்தாவ. அக்னேசு வீட்டுப் பக்கமா நாலு தடவ நடந்தேன் தம்பி. அக்னேசு ஜன்னல்ல நின்னு பாக்கான்னு சொல்லுவானுவ, நான் பாத்தா ஜன்னல்தான் தெரியும். ஆனா பாக்கான்னு தெரிஞ்சாலே போதும்லா.

கடைசி நடை. இதத்தான் நீங்க நல்லாக் கேக்கணும். தஸ்நேவிஸ் எப்படிப்பட்டவன்னு இதுலதான் தெரியும்.

கொழும்புல இருந்து பழைய இரும்பு ஏத்திக்கிட்டுத் திரும்பி வாறோம். பாரம் சாஸ்தி. வழியில அடியில எங்கேயோ கசிஞ்சி, தண்ணி வர ஆரம்பிச்சிட்டு. ஆள மாத்தி ஆளு வாளியில எறைக்கணும். தண்டல் தஸ்நேவிச அணியத்துல இருந்து கூப்பிட்டு கீழ எறக்கிட்டாரு. அவன் போவ மாட்டேன்னு நின்னான். நான் இங்கனதான் நிக்கணும், வேற யாரையும் எறக்குங்கன்னு தண்டல்கிட்டயே எதுத்துப் பேசினான். வேல செய்ய வலிக்கி அவனுக்கு. தண்டல் ஒரு அதட்டு போட்ட பொறவுதான் எறங்கினான். எறங்கும்போது மேல என்னப் பாத்தானாம், சிலுவை சொன்னான்.

அப்ப நான் பரண்லதான் உக்காந்திருக்கேன். கண்ண மூடல. சத்தியமா மூடல தம்பி, பனிமய மாதா அறிய மூடல. நல்ல வெயிலு. கடல் பூரா மினுங்குது. எங்க பாத்தாலும் ஒண்ணு போலத்தான் இருக்கு. எனக்கு எப்பவும் அப்படித்தான் இருக்கும். பரண்ல உக்காந்தா எல்லாருக்கும் அப்படித்தானே இருக்கும்?

தூத்துக்குடிக்கு எதுத்தாப்ல இருக்கிற தீவுகளுக்கு வெளிய, தண்ணிக்கு அடியில பாறை இருக்கு. மேல அலை ஒடைஞ்சி வெள்ளையா நொரை நிக்கும். அத வச்சித்தான் ஒதுங்கணும். தஸ்நேவிஸ் தண்ணிய வெளிய கொட்ட வாளியோட மேல வந்திருக்கான். வந்தவன் முன்னால பாத்திருக்கான். வாளிய அப்படியே போட்டுட்டு, பின்னால சுக்கான்கிட்ட ஓடினான். சுக்கான் புடிச்சிருந்த ஆளத் தள்ளி விட்டுட்டு, முழு ஒடம்பையும் போட்டு அமுக்கினான். தோணி ஒரு பக்கமா சாஞ்சி திரும்புச்சு. நான் மேல இருந்து கீழ பாத்தா என் காலுக்குக் கீழ தோணி இல்ல, தண்ணிதான் இருக்கு. அடியில ஏதோ ஒரசுன சத்தம் மரத்து வழியா ஏறி நான் உக்காந்திருந்த பலகை வரைக்கும் வந்துச்சு. அவ்வளவுதான். தப்பிச்சோம். ஒரு பலகை போச்சு, பன்னெண்டு உசுரு இருந்துச்சு.

கரையில தோணிய ஏத்தின கையோட தண்டல் எல்லாரையும் மணல்ல நிக்க வச்சாரு. கஸ்பார் மாமாவும் வந்து நிக்காரு, மீசை வெறப்பா. தண்டல் கத்தல. மெதுவாக் கேட்டாரு. அதுதான் பயமா இருந்துச்சு. மேல இருந்தவன் என்ன செஞ்சான்னாரு.

நானும் மணல்ல நிக்கேன் தம்பி. என்ன நடந்துச்சுன்னே ஒழுங்கா வெளங்கல. கத்தினேனா இல்லையான்னு கூட ஒரு கொழப்பம். நான் வாயத் தொறக்குமுன்ன, தஸ்நேவிஸ் முன்னால வந்து நின்னான்.

'பொலிக்கார்ப் கத்தினான் தண்டலே. எனக்குத்தான் கேட்டுச்சு. தண்ணி எறைக்கிற மும்முரத்துல உங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டேன். தப்பு என்மேலதான்.'

கேட்டியளா? அவன் வாயாலயே. பன்னெண்டு பேரு முன்னால, கஸ்பார் மாமா முன்னால. நானா ஒண்ணும் சொல்லல. அவனே ஒத்துக்கிட்டான். அவன் சொன்ன பொறவுதான் எனக்கும் தெளிவு வந்துச்சு, ஆமா, நான் கத்தியிருக்கேன், கத்தாம இருப்பேனான்னு. தண்டல் அவன அங்கனயே விலக்கிட்டாரு. எச்சரிக்கை கேட்டும் சொல்லாதவன்னு பேராயிட்டு. அப்படிப் பேரெடுத்தவன வேற எந்தத் தோணி ஏத்தும்? ஒருத்தனும் ஏத்தல. உப்பளத்துக்குப் போயி உப்பு மூட்ட தூக்கினான், பல வருசம். அவனுக்குப் பேசி வச்சிருந்த பொண்ணு வீட்டுலயும் வேண்டாம்னுட்டாவ. முப்பத்தாறு வயசுலதான் கல்யாணம் ஆச்சி அவனுக்கு. அதான் புள்ளையும் பிந்திப் பொறந்துச்சு. செஞ்ச தப்புக்குப் பலன் இருக்கும்லா.

எனக்கு பதினாலாம் நாளு கல்யாணம். சொன்னா நம்ப மாட்டிய, வெக்கமே இல்லாம வந்தான். வந்து பந்தியில நின்னு பரிமாறினான். எனக்குச் சோறு வைக்கக் குனியும்போது காதுல சொன்னான், 'பொலி, இனிமே பரண்ல ஏறாத. ஏறினேன்னா நானே தண்டல்கிட்ட சொல்லிருவேன்'னு. கல்யாண மாப்பிள்ளைய மிரட்டுறான் தம்பி, கையில கறிச் சட்டிய வச்சிக்கிட்டு. என்னத்தச் சொல்லுவானாம்? இன்னைக்கு வரைக்கும் எனக்கு வெளங்கல. ஆனா பயந்துட்டேன்னு சொல்லாதிய. அடுத்த சீசன் நானாத்தான் பரண் வேண்டாம்னேன். பாய் தைக்க ஆளு இல்லாமத் தண்டல் தவிச்சாரு.

அன்னையில இருந்து அவன்கிட்ட நான் பேசுறதில்ல. நாப்பத்திரெண்டு வருசம். என்ன கேட்டேன் நான்? பன்னெண்டு உசுரு போவப் பாத்துச்சே, நீ கத்தினது கேட்டும் சொல்லாம விட்டேன், மன்னிச்சிருன்னு ஒரு வார்த்த. கேக்கல. அதுக்குப் பதிலா, தெருவுல பாத்தா சிரிக்கானாம். கிறிஸ்துமசுக்கு அந்தப் புள்ளைகிட்ட மக்ரூன் குடுத்து விடுவான். பேரப்புள்ளைக திங்கும். நான் தொட மாட்டேன். போன வருசம் மட்டும் ரெண்டு தின்னேன், அதும் ஒடைஞ்சது.

அக்னேசு இந்தக் கதய நான் ஆரம்பிச்சாலே அடுப்படிக்கு எந்திரிச்சிப் போயிருவா. அவளுக்கு என்மேல வேற ஒரு கோவம் உண்டு. கல்யாணம் ஆன புதுசுல, சந்தையில எதுத்தாப்ல வந்தவள நான் அடையாளம் தெரியாமத் தாண்டிப் போயிட்டேன்னு நாலு நாளு பேசல. கூட்டத்துல யாருக்குத் தெரியும்? ஒரே ஒரு தடவ சொன்னா, போயி அந்த மனுசன் கால்ல விழுங்கன்னு. பொம்பளைக்குக் கடலப் பத்தி என்ன தெரியும்னு விட்டுட்டேன்.

அவ்வளவுதான் தம்பி. இதுதான் தஸ்நேவிஸ். காதுல விழுந்தத சொல்லாம விட்ட ஆளு. அவன் வீட்டுல பொண்ணு எடுக்கிறதும் எடுக்காததும் உங்க இஷ்டம்.

என்ன கேட்டிய? நானா? நான் என்ன சொல்லிக் கத்தினேன்னா?

இது என்ன கேள்வி. மொறைப்படிதான் கத்துவேன். பரண்ல இருந்து கூப்பிட ஒரு மொறை இருக்குல்லா. மொதல்ல பக்கத்தச் சொல்லணும், பொறவுதான் பொருளச் சொல்லணும். சுக்கான் புடிக்கிறவனுக்குப் பக்கந்தானே முக்கியம். கப்பல்னா எடத்த கப்பல், தீவுன்னா வலத்த தீவு. அப்ப பாறைக்கு என்ன கத்தியிருப்பேன்? எடத்த பாறைன்னு.

இல்ல. இருங்க. எடத்தன்னா தோணிய வலது பக்கம் திருப்பியிருக்கணும். தஸ்நேவிஸ் எந்தப் பக்கம் அமுக்கினான்? நான் மேல இருந்தேன், தோணி சாஞ்சிது, எனக்குக் கீழ தண்ணி. அப்ப வலத்தயா? வலத்த பாறை. வலத்த பாறைன்னுதான் இருக்கணும்.

இருக்கணும்னு சொல்லுதேன் பாருங்க.

இந்தக் கதய எத்தனை பேருகிட்டச் சொல்லியிருக்கேன். இந்த பெஞ்சுலயே நூறு தடவ சொல்லியிருப்பேன். பாறை எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு ஒருத்தன் கேட்டதில்ல. நானும் நெனச்சதில்ல. பன்னெண்டு பேருல பதினோரு பேரு அத எட்டிப் பாத்தானுவ. சுத்தி வெள்ளையா கொதிச்சிதுன்னு இன்னைக்கும் சிலுவை சொல்லுவான். எனக்கு ஒரு பக்கமும் ஞாபகத்துல இல்ல. மறந்து போவல தம்பி. அந்த மினுக்கு ஞாபகம் இருக்கு, அந்த ஒரசல் ஞாபகம் இருக்கு, பாறை மட்டும் இல்ல. நான் அதப் பாக்கவே இல்ல.

பாக்காதத எப்படிக் கத்துவேன்?

கத்தல. நான் கத்தவே இல்ல தம்பி.

கொஞ்சம் தண்ணி குடுங்க. இல்ல, டீ வேண்டாம்.

அப்ப அவனுக்கு என்ன கேட்டுச்சு? ஒண்ணும் கேட்டிருக்காது. கீழ நின்னு தண்ணி எறைச்சவனுக்கு நான் கத்தாதது எப்படிக் கேக்கும். கஸ்பார் மாமா அங்க நிக்காரு, எனக்குப் பதினாலு நாள்ல கல்யாணம். அதுக்காகச் சொல்லியிருக்கான். என்னக் காப்பாத்த. தோணி போச்சு, பேரு போச்சு, பாத்து வச்ச பொண்ணு போச்சு, உப்பு மூட்ட தூக்கினான். நான் அவன் மன்னிப்பு கேக்கலன்னு நாப்பத்திரெண்டு வருசம் மொகத்தத் திருப்பிக்கிட்டுப் போயிருக்கேன். மூணு சம்பந்தம் வந்துச்சு அந்தப் புள்ளைக்கு. மூணையும் இந்த பெஞ்சுல உக்காந்து நான்தான் திருப்பி அனுப்பினேன். அந்தப் புள்ளைக்கு அது தெரியாம இருக்குமா? ஊருக்கே தெரியும். தெரிஞ்சிக்கிட்டுத்தான் 'மாமா, இங்க வாங்க'ன்னு கையப் புடிச்சிருக்கு. வெக்கமா இருக்கு.

நீங்க வாட்ச்சப் பாக்காதிய. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் கெடக்கு. அது போனா அடுத்தது. நான் இவ்வளவு நேரம் சொன்னதுல ஒண்ணு விடாம அப்படியே உங்க தம்பிகிட்டப் போயிச் சொல்லுங்க, ஆனா திருப்பிப் போட்டுச் சொல்லுங்க. ஒருத்தனோட கல்யாணம் நிக்கக் கூடாதுன்னு தன்னோடத விட்டுட்டு, அத வெளிய ஒரு வார்த்த சொல்லாம இருந்த மனுசன் வீட்டுப் பொண்ணுன்னு சொல்லுங்க. இப்படி ஒரு வீடு வேம்பாருல விளக்கு வச்சித் தேடினாலும் கெடைக்காது. இல்ல, வேண்டாம், நீங்க சொன்னா பாதி விட்டுருவிய. எந்திரிங்க. நானே கூட்டிட்டுப் போறேன்.

என்ன முழிக்கிய? அந்த வீட்டு வாசல நான் மிதிச்சதில்லதான். அதுக்கு என்ன செய்ய? வந்த சம்பந்தத்த அனுப்பத் தெரிஞ்சவனுக்குக் கூட்டிட்டுப் போவவும் தெரியணும். உங்கள உள்ள உக்கார வச்சிட்டு, மொதல்ல நான் அவன்கிட்டப் பேசிக்கிடுதேன். பொறவு நீங்க பொண்ணப் பாருங்க. எனக்குத் திட்டு விழுந்தா கண்டுக்காதிய. விழணும். எண்ணி எண்ணி விழணும்.

டீக்காசு என் கணக்குல சொல்லிட்டேன், வாங்க. தெரு நேராப் போயி வலது கைப் பக்கம் மூணாவது வீடு. மெதுவா நடங்க, கல்லு பேந்து கெடக்கும்.

நில்லுங்க தம்பி. அங்கன வாசப்படில யாரோ நிக்காப்ல இருக்கு. தஸ்நேவிஸா, அந்தப் புள்ளையா? நம்மளத்தான் பாக்காவளா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. எனக்கு இங்கேருந்து தெரியல. அன்னைக்கும் தெரியல.